சிவப்புக் குமிழைத் தள்ளியவள்

ஸ்டுடியோவில் அவளுக்குச் சாம்பலக்கா என்று பெயர். பதினோரு வருடமாக வண்ணப் படங்களைக் கருப்பு வெள்ளையாக மாற்றுவதே அவள் வேலை. "கருப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. நடுவுல இருக்கிற இருநூத்தி ஐம்பத்திநாலும் சாம்பல்தான்" என்று கேமராக்காரரிடம் ஒருமுறை சொல்லப்போய், பெயர் ஒட்டிக்கொண்டது.

பொத்தானை அமுக்கினால் முடிந்துவிடும் வேலை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று குமிழ்கள் இருக்கின்றன. சிவப்பை வலப்பக்கம் தள்ளினால் படத்தில் சிவந்திருப்பதெல்லாம் வெளுக்கும்: பரு, தழும்பு, அழுத கண். சிவப்பைக் குறைத்து நீலத்தைத் தள்ளினால் அதே பரு மை தெளித்ததுபோல் கறுத்து எழும். மாநிறத் தோலிலும் சிவப்பு உண்டு. ஆகவே சிவப்புக் குமிழ் ஆளையே இரண்டு சுற்று வெளுப்பாக்கிவிடும். வெளுத்த முகம்தான் முகம் என்று நம்பும் கூட்டத்துக்கு நடுவே கடை வைத்திருப்பவன் நீலத்தை எதற்குத் தொடுகிறான்? முதலாளி இதற்குத் 'துடைப்பு' என்று பெயர் வைத்திருந்தார். துடைத்தபின் கான்ட்ராஸ்டை ஏற்றி, நிழல்களில் மட்டும் லேசாகப் பழுப்பு ஏற்றினால், நேற்று எடுத்த படம் நாற்பது வருடம் பெட்டியில் கிடந்ததுபோல் ஆகிவிடும். பழுப்பேறிய எதையும் கேள்வி கேட்காமல் நம்புவது நம்மைப் பிடித்த வியாதி.

தரை துடைக்கும் திரவம் செய்யும் தொழிற்சாலை ஒன்று தன் வெள்ளிவிழா மலருக்காக முப்பத்திரண்டு படங்களை அனுப்பியது. முகம் எதிலும் இல்லை; தொழிலாளிகளின் கைகள் மட்டும். "எல்லாத்தையும் துடைச்சுக் குடும்மா. வேலை முடிஞ்சதும் கலர் படத்தையெல்லாம் அழிச்சுடணும்னு பேச்சு" என்றார் முதலாளி. அவள் முதல் படத்துக்குக் குமிழ்களைச் சரிசெய்தாள். அந்த அளவையே மற்ற முப்பத்தொன்றுக்கும் ஒரே அமுக்கில் ஏற்றினாள். ஒவ்வொன்றையும் வண்ணத்தில் பார்க்கவில்லை. மணி ஒன்றாகியிருந்தது, பசி.

மலர் வந்தது. கைகள் பக்கத்துக்கு மேலே, 'எங்கள் திரவத்தைப் போலவே மென்மையானவை' என்று அச்சடித்திருந்தார்கள்.

அந்தத் தொழிற்சாலையில்தான் அவள் நாத்தனார் ஏழு வருடமாக அமிலத்தில் பாட்டில் கழுவினாள், அங்கேயே விடுதியில் தங்கி. கையுறை கேட்டால், "அதைப் போட்டா பாட்டில் வழுக்கும்" என்பார்கள். முழங்கைவரை தோல் வெந்து உரிந்தபோது தொழிற்சாலை மருத்துவர் 'உடம்பு வாகு' என்று எழுதினார். அறைத்தோழி போன பிறவிப் பாவம் என்றாள். அமிலத்துக்கு இந்தப் பிறவியில் ஒரு பெயரும் விலைச்சீட்டும் இருக்கிறது என்பது இருவருக்குமே உறைக்கவில்லை. வேலையை விட்டு நீக்கினார்கள். இந்த நோய் வேலையால் வந்தது என்று எழுதிக் கொடுங்கள் எனத் தொழிலாளர் அலுவலகத்தில் அவள் மனுப் போட்டாள். அந்த ஒரு வரி இருந்தால்தான் சிகிச்சை.

முதல் விசாரணை முடிந்து அவள் அண்ணன் வீட்டுக்கு வந்து மலரை மேசையில் வீசினாள்.

"பாரு அண்ணி. நான் வேலையில இருந்தப்போ என் கை பட்டு மாதிரி இருந்துச்சாம். எல்லாம் வெளிய போனப்புறம் வந்த வியாதியாம். வக்கீல் ஃபோட்டோவைக் காட்டுறான், அதிகாரி தலையை ஆட்டுறாரு."

மலரில் இருந்த கையில் தொழிலாளி எண் பொறித்த டோக்கன் வளையம். நாத்தனாரின் எண், நூற்றுப்பதினேழு. நிழல்களில் பழுப்பு.

"இது நான் பண்ணதுடி" என்றாள் சாம்பலக்கா.

"எது?"

"இந்தப் பட்டு."

நாத்தனார் மலரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஊரெல்லாம் துடைச்ச, சரி. என் கையுமா கண்ணுல படல?"

"படல. பார்க்காமதான் பண்ணேன்."

"நல்லா வாய்ச்ச அண்ணி!"

சாம்பலக்காவுக்கு வேலையில் ஒரு பழக்கம் இருந்தது. அவள் வண்ணப் படத்தின் மேல் கை வைப்பதில்லை. கருப்பு வெள்ளை, கான்ட்ராஸ்ட், பழுப்பு ஒவ்வொன்றையும் கண்ணாடித் தாள்போல் அதன்மேல் தனித்தனி அடுக்காகப் போடுவாள். வண்ணம் அடியில் அப்படியே கிடக்கும். பேசியபடியே முதலாளி, தொழிற்சாலை அனுப்பிய வண்ணப் படங்களை அழித்திருந்தார். அவள் கோப்புகளை அழித்திருக்க வழியில்லை. அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. ஆனால், அச்சகத்துக்கு அனுப்பும்போது அடுக்குகளை ஒன்றாக நசுக்கியிருந்தால்?

"அடுத்த தடவை போறப்போ, அச்சடிச்சதை நம்பமாட்டேன், ஸ்டுடியோவோட மூலக் கோப்பைக் குடுக்கச் சொல்லுங்கன்னு கேளு" என்றாள்.

கம்பெனி வக்கீல் தயங்கவே இல்லை. ஸ்டுடியோ முதலாளி மொத்தக் கோப்புறையையும் பென்டிரைவில் போட்டுத் தர, உறையிலிட்டு முத்திரை வைத்து நீட்டினார். உண்மையை முத்திரை வைத்துக் கொடுக்கிறோம் என்று மனதார நம்பிய முட்டாள்தனம் அது.

மூன்றாம் விசாரணைக்குச் சாம்பலக்கா விடுப்பெடுத்துக்கொண்டு, தன் பழைய மடிக்கணினியோடு போனாள். ஒரு கால் ஆடும் மேசை, கட்டுக்கட்டாகக் கோப்புகள், மூலையில் தண்ணீர்க் குடுவை. அதிகாரி உறையைப் பிரித்தார். அவள் மடிக்கணினியில் நூற்றுப்பதினேழாம் எண் கையின் படம் திறந்தது.

"பார்த்தீங்களா சார், அதே படம்" என்றார் வக்கீல்.

அவள் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். அடுக்குகள் நான்கும் இருந்தன. மூச்சு வந்தது. ஒவ்வோர் அடுக்குக்கும் பக்கத்தில் கண் போல ஒரு சின்னம். அதை அமுக்கினால் அந்த அடுக்கு மறையும். முதலில் பழுப்பை எடுத்தாள். படத்தின் வயது குறைந்தது. கான்ட்ராஸ்டை எடுத்தாள், கை மங்கியது. கருப்பு வெள்ளையை எடுத்தாள்.

விரலிடுக்கிலிருந்து முழங்கைவரை சிவந்து, வெடித்து, ஓரங்களில் தோல் சுருண்ட கை. மணிக்கட்டில் நூற்றுப்பதினேழு.

வக்கீல் எழுந்துவிட்டார். "இது இந்தம்மாவோட கைவேலை சார்!"

"உறை உங்களது, முத்திரையும் உங்களது. இப்பத்தானே பிரிச்சேன்?" என்றார் அதிகாரி.

"கைவேலைதான் சார். வெளுத்ததும் நான்தான். எழுதிக்கோங்க" என்றாள் சாம்பலக்கா.

"யாரு சொல்லிச் செஞ்சீங்க?"

"முதலாளி சொன்னாரு. ஆனா குமிழைத் தள்ளினது என் விரல்."

அதிகாரி நாத்தனாரிடம், "கையைக் காட்டும்மா" என்றார்.

"எட்டு மாசமா இதோ இந்த மேசைமேலதான் சார் வெச்சிட்டு உட்கார்ந்திருக்கேன். நீங்கதான் ஃபோட்டோவைப் பார்த்துட்டிருந்தீங்க."

அவர் முகம் சிவந்தது. அதைத் துடைக்க அங்கே குமிழ் இல்லை. 'பணியின்போது ஏற்பட்ட நோய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எட்டு மாதம் மறுத்த வரி, எழுத அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

அதற்குள் வக்கீல் வெளியே போய்ப் பேசியிருக்க வேண்டும். சாம்பலக்காவின் போன் அடித்தது.

"நாளையிலிருந்து வரவேண்டாம்மா" என்றார் முதலாளி.

"சரிங்க. அந்தச் சிவப்புக் குமிழைப் பார்த்துக்கோங்க, ரொம்பத் தேஞ்சிருக்கும்" என்று வைத்துவிட்டாள்.

அதிகாரி பென்டிரைவைக் கழற்றக் கையை நீட்டினார். "இருங்க சார். இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு" என்றாள்.

"அதெல்லாம் இந்த மனுவில இல்லம்மா."

"வரும் சார்" என்றாள் நாத்தனார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "நீ ஒவ்வொரு படத்துலயும் அந்தக் கண்ணை மூடு அண்ணி. நான் டோக்கன் நம்பரை எழுதிக்கிறேன்."

சாம்பலக்கா அடுத்த கையைத் திறந்தாள். இந்த முறை பார்த்தாள்.