கோடு சாரும் இருபத்தாறு சீருடைகளும்

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் 'கோடு சார்' என்று பெயர். வரைபடம் தயாரிக்கும் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. யார் எந்தக் கோப்பை அனுப்பினாலும், அதன் பெயரில் இருக்கும் இடைவெளிகளை எடுத்துவிட்டு அடிக்கோடு போட்டால்தான் இவருக்குச் சோறு இறங்கும். 'புது மேப் கடைசி (2) நிஜமாவே கடைசி' என்று ஒரு கோப்பு வந்த அன்று, ஜுரம் கண்டவர் மாதிரி வீடு வந்து சேர்ந்தார்.

"பேர்ல இடைவெளி விட்டா, கம்ப்யூட்டர் அதை ரெண்டு பேர்னு நினைச்சுக்கும்மா. எங்க போறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கும்," என்பார்.

"நின்னா நிக்கட்டுமே, அதுக்கு என்ன காலா வலிக்கப்போகுது?" என்பேன்.

இதற்கென்றே ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறார். பெரிய மந்திரமெல்லாம் இல்லை, இதைச் செய், அதைச் செய் என்று கம்ப்யூட்டருக்கு வரிசையாக எழுதிக் கொடுக்கும் உத்தரவு. ஒரு தட்டு தட்டினால் ஆயிரம் கோப்புகளின் பெயரும் தலை சீவி, பொட்டு வைத்து நிற்கும். 'முதலில் என்ன ஆகும் என்று திரையில் காட்டச் சொல்லிப் பார், சரியாக இருந்தால் மட்டும் செய்யச் சொல்' என்பது ஆபீசில் இவர் எல்லோருக்கும் ஓதும் பாடம்.

வீட்டிலும் அப்படித்தான். சமையலறை டப்பா ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டியிருக்கிறார். உப்பு என்று எழுதிய டப்பாவில் சர்க்கரை இருப்பது என் கைங்கரியம்.

நான் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, உடைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். அளவு நோட்டெல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராது. உடுப்போடு ஆளை நிற்க வைத்து போனில் ஒரு படம், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, செய்ய வேண்டிய வேலையையே பெயராக அடித்துவிடுவேன். 'மீசைக்கார காவலாளி வயித்துகிட்ட மூணு விரல் விடணும் பாவம் மூச்சு முட்டுது' என்று இருக்கும். எண்ணைக்கூட எழுத்தால்தான் எழுதுவேன். அந்த போல்டரைத் திறந்தாலே இவருக்குக் கண் கூசும்.

அப்போதுதான் எனக்கு ஓட்டல் வேலை வந்தது. இருபத்தாறு ஊழியர்களின் சீருடை; நான் சொன்ன மீசைக்கார காவலாளியும் அவர்களில் ஒருவர்தான். அவர்களுக்கென்று தனி போல்டர் போட்டேன். எல்லாம் ஒரே நீலம், ஒரே பட்டன், ஒன்றுகூட ஒருவருக்கும் பொருந்தவில்லை. எது யாருடையது என்பதை நெஞ்சில் தைத்த எண்ணை வைத்துப் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் பெயரில்தான் இருந்தது. புதன்கிழமை சரியாகக் கொடுத்தால் மற்ற கிளைகளின் வேலையும் உனக்குத்தான் என்று மேனேஜரம்மா சொல்லியிருந்தார். அக்கம்பக்கத்தாருக்கு ஜிப் மாற்றியே காலத்தை ஓட்டிய எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் நீல நூல் வாங்கப் போன நேரம் பார்த்து, இவர் எனக்கு உதவி செய்திருக்கிறார்.

திரும்பி வந்தால் மனிதர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். போல்டரில் ஒரே ஒரு படம். அதன் பெயர் ஒரு கோடு.

"என்னங்க இது? மிச்சம் இருபத்தஞ்சு பேர் எங்க?"

"இங்கிலீஷ் எழுத்தையும் நம்பரையும் மட்டும் விட்டு வை, இடைவெளிக்குக் கோடு போடு, கோடு பக்கத்துல கோடு வந்தா ஒண்ணாக்கிடுன்னு ஸ்கிரிப்ட்ல எழுதியிருந்தேன். ஆபீஸ்ல எல்லாமே இங்கிலீஷ் பேரு. உன்னோடது முழுக்கத் தமிழா, எழுத்தெல்லாம் போய் கோடு மட்டும் மிஞ்சிடுச்சு. எல்லாத்துக்கும் அதே பேரு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி..."

"முதல்ல திரையில காட்டச் சொல்லிப் பாருன்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களே?"

"நீ வர்றதுக்குள்ள முடிச்சு உன்னை அசத்தலாம்னு பாத்தேன்."

அசத்தத்தான் செய்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். படங்கள் போனில் பத்திரமாக இருந்தன, ஆனால் கேமரா தானாகப் போட்ட எண்களோடு. யாருக்கு இடுப்பு, யாருக்குத் தோள்? நான்கைந்து பேர் நினைவில் இருந்தார்கள், மற்றவர்கள் எல்லாம் வெறும் நீலம். மேனேஜரம்மாவிடம் போய், எல்லோரையும் மறுபடி வரிசையில் நிற்கச் சொல்லுங்கள் என்றால் மற்ற கிளைகளை மறந்துவிட வேண்டியதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

நான் அழுதால் இவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அறைக்குள் இரண்டு சுற்று சுற்றியவர் சட்டென்று நின்றார்.

"ஸ்கிரிப்ட் ஓடினப்போ திரையில திறந்த ஜன்னலை நான் இன்னும் மூடவே இல்லையே!"

எந்தப் பெயரை எதுவாக மாற்றினாய் என்று கம்ப்யூட்டரையே ஒப்பிக்க வைப்பது இவர் பழக்கம். மேலே தள்ளிக்கொண்டே போனார். பழைய பெயர், ஓர் அம்புக்குறி, ஒரு கோடு. இருபத்தாறு வரிகளும் இருந்தன.

"பேரெல்லாம் இருக்கு. ஆனா எது எந்தப் படத்தோடதுன்னு இதுல தெரியாதேம்மா."

"நீங்க படிங்க," என்றேன்.

'சிரிச்சுக்கிட்டே இருக்கிற பொண்ணு கை ஒரு விரல் குறைக்கணும்' என்று படித்தார். போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவர், "இதோ, இவங்கதான்!" என்று கத்தினார். அந்த ஓட்டல்காரர்களில் ஒருவரையும் இவர் அதுவரை பார்த்ததில்லை. மீசைக்காரரைத் தேட வேண்டியதே இல்லை. 'எலும்பும் தோலுமா ஒருத்தர் ரெண்டு பக்கமும் பிடிக்கணும் இவர் ஓட்டல்லதான் வேலை பாக்கிறாரா' என்று படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"நான் கேட்ட மாதிரி சீருடை கோடு ஒண்ணு, சீருடை கோடு ரெண்டுன்னு நீ பேர் வெச்சிருந்தா, ஒருத்தரையும் கண்டுபிடிச்சிருக்க முடியாது," என்று தானாகவே ஒப்புக்கொண்டார். அதை அப்போதே எழுதி வாங்காதது என் தவறு.

புதன்கிழமை இருபத்தாறும் பொருந்தின, மற்ற கிளைகளின் வேலையும் வந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு மனதில் நிற்பது கடைசி இரண்டு படங்கள்தான். ஒன்றில் வழுக்கையும் தொப்பையுமாக ஸ்டோர்காரர். இன்னொன்றில் வரவேற்பில் நிற்கும் பையன், சினிமாவில் நடிக்கலாம் போல அத்தனை லட்சணம்.

மீதியிருந்த பெயர்களில் ஒன்று, 'நிக்க நேரமில்லாம ஓடிட்டார் பேண்ட் நீளம் மட்டும் குறைக்கணும்'. அடுத்ததைப் படிக்க ஆரம்பித்தவர் பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். 'அப்படியே நம்ம வீட்டுக்காரர் தோள் கொஞ்சம் இறக்கணும்.'

தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே ஸ்டோர்காரர் மேல் விரலை வைத்தார். "இவர்தானே?"

"ஐயோ, அவரு ஓடிப் போனவருங்க," என்று சொல்லி, நான் மற்ற படத்தைத் தள்ளிக் காட்டினேன்.

அந்தப் பையனையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்துக்குப் பெயரை அவரே அடித்தார். ஒரு இடைவெளியைக்கூட எடுக்கவில்லை.