தைலத்துக்கு நான்தான் முத்திரை

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் குன்னூரில் இறங்கி நல்ல தைலம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள், ஆட்டோக்காரர் நேராக என் கடை வாசலில் கொண்டுவந்து விடுவார். கூடையில் சீசாக்களை அடுக்கி பஸ் ஸ்டாண்டில் கூவி விற்றவள், இன்றைக்கு இரண்டு கடையும் ஒரு கிட்டங்கியும் வைத்திருக்கிறேன். என் மூளை அப்படியே மகள் வயிற்றுப் பேத்திக்கு இறங்கியிருக்கிறது. அவள் காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிறாள். அவள் அப்பன் பக்கத்தில் அந்த அளவுக்கு யாரும் கிடையாது.

போன வாரம் வந்தவள், பையை வைக்கும் முன்பே ஆரம்பித்தாள். "அம்மிச்சி, இன்னிக்கு லேப்ல நீங்க விக்கிற விண்டர்கிரீன் எண்ணெயத்தான் டெஸ்ட் பண்ணினோம். மஞ்சத் தண்ணி ஒண்ணு விட்டா அப்படியே ஊதாவா மாறுது!"

"மாறுமே. உங்கம்மா பொறக்கறதுக்கு முன்னாலயே அதைப் பாத்தவடி நான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. அதனால்தான் முழுக் கதையையும் சொல்ல உட்கார்ந்தேன்.

அப்போது நாங்கள் மஞ்சூருக்குக் கீழே இருந்தோம். அப்பா ஒரு முதலாளியின் கொட்டகையில், கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸின் இலையைப் பெரிய செம்புக் கொப்பரையில் அவித்து நீலகிரித் தைலம் இறக்கிக்கொண்டிருந்தார். நீராவி குழாய் வழியாக வந்து குளிர்ந்து தகர டின்னில் விழும். தண்ணீர் கீழே நிற்கும், தைலம் மேலே மிதக்கும். அதை வழித்து எடுப்பதில் அப்பாவை மிஞ்ச ஆள் இல்லை.

எனக்கும் அங்கே ஒரு உத்தியோகம் இருந்தது. வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கலப்படத்துக்குப் பயந்தவர்கள். அவர்கள் முன்னால் என்னை நிறுத்தி, உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரை வைத்து, அதில் இரண்டு சொட்டுத் தைலம் விடுவார் அப்பா. நான் முகத்தைச் சுளிக்காமல் நக்கி விழுங்குவேன். "பெத்த புள்ளைக்கு எவனாச்சும் கலப்படத்தைக் குடுப்பானுங்களா?" என்பார். அதற்கு மேல் யாரும் பேசியது இல்லை. மற்றவர்கள் டின்னில் முத்திரை குத்தினார்கள், எங்கள் அப்பாவுக்கு முத்திரை நான். ஸ்கூலில் எனக்கு அந்த மரியாதையே தனி.

ஒரு வருஷம் முதலாளி புதுச் சரக்கு கேட்டார். சோலை ஓரத்தில் புதராக வளரும் விண்டர்கிரீன். இலையைக் கசக்கினால் மூட்டுவலி மருந்து வாசம் தூக்கும். ஊட்டியில் மருந்துக் கம்பெனி லேப்பில் பாஸானால் கொப்பரையும் கொட்டகையும் அப்பா பொறுப்பு. ஆகாவிட்டால் வேறு ஆள் வருவான், நாங்கள் எஸ்டேட் கூலி லைனுக்குத் திரும்ப வேண்டியதுதான். இதை முதலாளி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அப்பா இலையை அவித்தார். டின்னில் மிதக்கிற எண்ணெயைத் தேடினார். ஒன்றும் இல்லை. எல்லாம் ஆவியாகப் போய்விட்டது என்று டின்னைக் கவிழ்க்கப் போனபோது அடியில் ஏதோ மினுங்கியதைக் காட்டியவள் நான். (அம்மா தான்தான் காட்டியதாகச் சொல்லுவாள். விடுங்கள்.) இந்த எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், அடியில் போய்த் தங்கியிருந்தது.

"எண்ணெயின்னா மெதக்கோணும். இது உங்கப்பனாட்டம் கீழ போய்ப் படுத்துக்குது" என்றாள் அம்மா.

அப்பாவும் நானும் சீசாவோடு ஊட்டிக்குப் போனோம். லேப் சார் ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. எண்ணெயை முகர்ந்தார், ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் விட்டு ஸ்பிரிட்டில் கரைத்தார், ஒரு மஞ்சள் தண்ணீரை அதில் சொட்டினார். அவ்வளவுதான். குழாய் முழுக்க நாவல்பழச் சாறு மாதிரி ஊதா.

அப்பாவின் முகம் செத்துப்போனது. எங்கள் தொழிலில் நிறம் மாறினால் கலப்படம் என்று அர்த்தம். நல்ல தைலம் எதற்கும் மாறாது.

"ஏனுங்க சார், நாங்க ஒண்ணும் கலக்கலீங்க. சத்தியமுங்க" என்றார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

லேப் சார் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். முத்திரை சும்மா நிற்குமா? மேஜையில் ஒரு சின்ன அவுன்ஸ் கிளாஸ் இருந்தது. சர்க்கரை இல்லை, பரவாயில்லை. இவ்வளவு பெரிய சந்தேகத்துக்கு இரண்டு சொட்டு போதாது என்று கிளாஸ் நிறைய ஊற்றினேன்.

"இங்க பாருங்க சார், எங்கப்பா கலப்படம் பண்ணமாட்டாரு" என்று வாய்க்குக் கொண்டுபோனேன்.

பளார் என்று மணிக்கட்டில் ஒரு அடி. கிளாஸ் சுவரில் போய்ச் சிதறியது.

அப்பா பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "என்ற புள்ள மேல கை வெக்கிறதுக்கு நீ யாரு? உன்ற பாஸும் வேண்டாம், ஒரு மசுரும் வேண்டாம். நாங்க லைனுக்கே போயிக்கறோம்!" கொப்பரை, கொட்டகை எல்லாவற்றையும் ஒரு நொடியில் தூக்கி எறிந்த மனுசனாக்கும் எங்கப்பா.

லேப் சார் அப்பாவைப் பார்க்கவே இல்லை. என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "வாயில பட்டுச்சா பாப்பா? நாக்கை நீட்டு. முழுங்கினியா? உண்மையச் சொல்லு."

"எங்க முழுங்க விட்டீங்க?" என்றேன் கோபத்தோடு. ஆனாலும் தண்ணீர் கொடுத்து என்னைத் திரும்பத் திரும்பக் கொப்பளிக்க வைத்தார். பிறகு அப்பாவை ஒரு மூலைக்கு அழைத்துப் போய்த் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். கடைசியில் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. "ஊதா வந்தாத்தான்யா இது அசல். உன் எண்ணெய் பாஸ்."

பாஸ்! நான் அங்கேயே குதித்தேன். அப்பா குதிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் என் கையை விடவே இல்லை. இரண்டு வளைவுக்கு ஒரு தடவை, "அம்மிணி, காதுல சத்தம் கேக்குதா?" என்றார். இல்லை, இல்லை என்று சொல்லி வந்தேன். பாதி இறக்கத்தில் எனக்குக் காது அடைத்தது.

"கேக்குதுங்கப்பா. ஙொய்யின்னுது" என்றேன்.

"நிறுத்துங்க! பஸ்ஸை நிறுத்துங்க!"

டிரைவர் பதறி ஓரம் கட்டினார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பாலத்துச் சுவரில் உட்காரவைத்து, கண்ணைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார். நான் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டேன். காது திறந்துகொண்டது. "இப்பக் கேக்கலீங்கப்பா" என்றேன்.

கண்டக்டர் தலையை நீட்டி, "அண்ணே, மஞ்சூர் பஸ்ஸுல காது அடைக்காம வேற என்னத்த அடைக்கும்? ஊருக்குப் புதுசா நீங்க?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. அன்றைக்கு ஊட்டி லேப்பையே ஜெயித்து வந்தவள் நான். அப்பாவோ என் காது அடைத்ததற்கு அழுகிறார்.

அதோடு என் உத்தியோகமும் போனது. கொட்டகை எங்கள் பொறுப்புக்கு வந்த பிறகு, சர்க்கரை டப்பாவை அப்பா வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். யாராவது பழக்கத்தில் "புள்ளைய நக்கச் சொல்லுங்க" என்றால், "நம்பினா வாங்குங்க, இல்லாட்டிப் போங்க" என்பார். பாஸானதும் முத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டார் என்று எனக்கு ஆங்காரம். அப்பாவின் கடைசிக் காலம்வரை அந்த பஸ் கதையைச் சொல்லி அவரைக் கேலி செய்தேன். அவர் ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லி முடித்தபோது பேத்தி சிரிக்கவில்லை. அந்த எண்ணெய்க்கு நாம் வைத்த பேர் ஒன்று, மருந்துக்காரர்கள் வைத்த பேர் மெத்தில் சாலிசிலேட், காலேஜில் அதற்கும் மேலே நீளமாக ஒரு பேர் என்று முதலில் சொன்னவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மிச்சி, வெளிய தேய்க்கத்தான் அது மருந்து. சின்னப் புள்ள ஒரு ஸ்பூன் குடிச்சாலே உசுரு போயிரும். உள்ள போச்சுன்னா முதல்ல காதுலதான் சத்தம் கேக்கும்."

நான் அன்றைக்கு ஒரு கொட்டாவி விட்டேன். அப்பா ரோட்டோரம் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸே சிரிக்கச் சிரிக்க, என் காதில் வாயை வைத்து, "கேக்கலதான? கேக்கலதான அம்மிணி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கவில்லை என்று எத்தனை தடவைதான் சொல்வது என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.