வெட்டாத படம்

எங்கள் ஊர்க் கோயில் தேர் உள்நாட்டுச் சண்டையில் எரிந்துபோனது. அதைப் பழையபடியே செய்யப்போகிறோம், தேர் தெரிகிற படங்கள் வேண்டும் என்று ஊரிலிருந்து தேர் செய்கிற ஆசாரியார் கேட்டதும், இங்கே வெளிநாட்டில், ஸ்காபரோவில் படம் சேர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. வீட்டில் ஸ்கானர் வைத்திருந்தது என் குற்றம்.

மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்றுக்கு ஆட்கள் படங்களோடு வந்தார்கள். ஒன்றிலும் தேர் இல்லை. முகங்கள் மட்டும். இடம்பெயர்ந்தபோது அல்பத்தைச் சுமக்க முடியாமல், எல்லோரும் முகங்களை வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். தேருக்கு முன்னால் நின்ற அம்மாவை நானே தோளோடு வெட்டியிருந்தேன். "தேர் எங்கை ஓடப்போகுது? ஆக்களை வெட்டி எடு," என்று அம்மாதான் அவசரப்படுத்தினார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கடைசியாக அஜின்கோர்ட்டிலிருந்து ஓர் அன்ரி வந்தார். அவரிடம் வெட்டாத படம் இருந்தது. தேரின் ஒரு பக்கம் முழுவதும், அதன் முன்னால் அவருடைய கணவரும். ஆண்டுதோறும் தேரை நிறுத்தவும் திருப்பவும் அதன் சில்லுக்கு முட்டுக்கட்டை போட்டவர். சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். அவருடைய படமென்று அன்ரியிடம் இருப்பது இது ஒன்றுதான்.

"அவரை வெட்டிப்போட்டுத் தேரை மட்டும் அனுப்பக்கூடாது, பிள்ளை. விளங்குதோ?"

"இல்லை அன்ரி, முழுசா அனுப்புறன்."

ஸ்கானரில் வைத்த பிறகும் படத்தின் விளிம்பிலிருந்து அன்ரி கையை எடுக்கவில்லை. மூடியை மூடாமலே எடுத்தேன். கொஞ்சம் வெளுத்துத்தான் வந்தது.

ஆசாரியாருக்குச் சந்தோஷம். குதிரை, யாளி, பூவேலை எல்லாவற்றையும் பிடித்துவிட்டார். ஒரு பலகைதான் தெரியவில்லை, அதை மறைத்துக்கொண்டு ஆள் நிற்கிறார், பின்னால் என்ன சிற்பம் இருந்தது என்று கேட்டு எழுதினார். ஊர்ச் சங்கத்து அண்ணைமார் ஆளுக்கொன்று சொன்னார்கள். மயில் என்றார் ஒருவர். தாமரை என்று சொன்ன மற்றவர் சண்டைக்கே வந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அன்ரிக்குப் போன் எடுத்தேன். உங்கள் கணவர் மறைக்கிறார் என்று எப்படிச் சொல்வது? மென்று விழுங்கிச் சொல்லிவிட்டேன்.



"அதிலை ஒண்டும் செதுக்க வேண்டாமெண்டு சொல்லு," என்றார். "பின்னாலை என்ன இருந்ததெண்டு அவருக்குத் தெரியும். வந்தவுடனை கேட்டுச் சொல்லுறன்."

"ஓம் அன்ரி," என்றேன். ஆசாரியாருக்கும் அப்படியே எழுதினேன்.