தொண்டையில் பனங்கொட்டை

அந்த ஆவணியில் எங்கள் செவலைப் பசு தொட்டித் தண்ணீரில் வாய் வைக்கும், விழுங்க முடியாமல் தலையை உதறும். எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. தாமிரபரணிக் கால்வாய்க்கரை முழுக்கப் பனம்பழம் விழுந்து கிடக்கிற காலம். பழத்தைத் தின்கிற மாட்டுக்குக் கொட்டை தொண்டையில் சிக்குவது எங்கள் பக்கம் சகஜம். அதை எடுப்பதில் என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர், அக்கம்பக்கத்திலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"கயித்த இறுக்கிப் பிடிளா" என்றவர், முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் துழாவினார். கொட்டை இல்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மாடு கத்திய கத்து அதன் குரலாகவே இல்லை. கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். வந்தவர் தொழுவத்து வாசலைத் தாண்டவில்லை.

"நாய் ஏதும் கடிச்சுதா?"

மேயப்போன இடத்தில் என்ன நடந்ததோ, யார் கண்டது?

"வெறிநோய் மாதிரி தெரியுது. வாய்க்குள்ள யாரும் கை விட்டீங்களா, அண்ணாச்சி?"

"இல்லியே" என்றார் இந்த மனுஷன், கண்ணைக்கூட இமைக்காமல்.

பனைமட்டை வெட்டும்போது கருக்கு கிழித்த காயம் அந்தக் கையில் இன்னும் ஆறவில்லை. ஊசி என்றால் அவர் சின்னப்பிள்ளையைவிட மோசம். தொப்புளைச் சுற்றிக் குத்துவார்கள் என்று எப்போதோ கேட்டதை இன்னமும் நம்பிக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லுதாக டாக்டர். முழங்கை வரைக்கும் விட்டாக. கையில புண்ணு வேற இருக்கு."

"ஏளா, சும்மா இரி. மாடு கடிக்கவே இல்லியே!"

"கடிக்கணும்னு இல்ல அண்ணாச்சி. எச்சில் புண்ணுல பட்டாலே போதும். நோய் வந்துட்டா காப்பாத்த முடியாது" என்றார் டாக்டரம்மா.

அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய் அந்தக் கையைச் சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் பைக்கின் பின்னாலிருந்து ஏசிக்கொண்டே போனேன். ஏசுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன்.

காயத்தைச் சுற்றியே ஊசி போட்டார்கள், புஜத்திலும் போட்டார்கள். பால் கறந்தவள் என்று எனக்கும் போட்டார்கள். வலித்ததாகவே நினைவில்லை. வெளியே வந்ததும், "தொப்புளத் தொடவே இல்ல, பாத்தியா?" என்று சிரித்தார். அறையலாம் போல வந்தது.

பசு அடுத்த நாள் செத்தது. ஆழக்குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். என் கையால் வளர்த்த மாடு. அதற்காக அழக்கூட எனக்கு மனசில் இடமில்லை.

சொன்ன நாளில் எல்லாம் போய் ஊசிகளைப் போட்டு முடித்தோம். இனிப் பயமில்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். மனசு கேட்டால்தானே? வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அவர் தொண்டையையே பார்ப்பேன். மாட்டுக்கு இறங்காத தண்ணீர் அவருக்கு இறங்கும் வரை எனக்குச் சோறு இறங்காது. அவர் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைத் தொடாமல் முதலில் செம்பைத் தூக்கி மடமடவென்று குடித்தார். காலிச் செம்பை என் முன்னால் கவிழ்த்துக் காட்டினார்.

"எறங்கிட்டுளா. இனி நீ சாப்பிடு."