மார்க்கண்டேயன் சீட்டு

எண்பதுகளின் கடைசியில், என் மகனுக்கு இதய வால்வு கெட்டுப்போய் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். டாக்டர் சொன்னதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் தூக்கம் போயிற்று. ஆவடி ஸ்டேஷன் வாசலில் இருந்த கிளி ஜோசியரிடம் போய் உட்கார்ந்தேன். பையனும் கூட வந்தான். பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்குகிறவன். வாய் மட்டும் சும்மா இருக்காது.

கிளி வெளியே வந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் போட்டு, ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பிரித்தால், எருமை மேல் எமன். கையில் பாசக்கயிறு. பையனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, இப்டி பயந்துக்குறே? லிங்கத்தக் கட்டிப் புடிச்சிகினு கீறான் பாரு, மார்க்கண்டேயன். கயிறு அவன் மேல மட்டுமா வியுந்துச்சு? சாமி மேலயும் வியுந்துச்சு. அப்பால எமனுக்கே ஒத. இது எமன் வந்த சீட்டு இல்லம்மா, தோத்த சீட்டு."

"எருமையிலயா வர்றாரு?" என்றான் மகன். "நம்ம பஸ்ஸு முன்னாடி பூடும்மா."

ஜோசியரே சிரித்துவிட்டார். "நைனா, உன் வாய்க்கு எமன் கிட்ட வரமாட்டான்."

அந்தச் சீட்டைக் கொடுத்துவிடும்படி கெஞ்சினேன். ஒன்று குறைந்தால் கட்டே பொய் சொல்லும் என்று மறுத்துவிட்டார். ஆனாலும் படம் எனக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணை மூடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, அதில் அம்மா இல்லை. எருமைக்குக்கூட இடம் இருந்தது. பெற்றவளை எங்கே நிறுத்துவதென்று வரைந்தவனுக்குத் தெரியவில்லை போலும். என்னையும் கதவுக்கு வெளியேதான் நிறுத்தியிருந்தார்கள்.

மகன் மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

ஜோசியர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது பாதிக் கதை. மீதியைச் சில வருஷம் கழித்து, பூந்தமல்லியில் ஒரு கோயில் பிரசங்கத்தில் கேட்டேன். பிள்ளை வரம் கேட்ட மார்க்கண்டேயனின் பெற்றோரிடம் சாமி கேட்டாராம்: அறிவுள்ள பிள்ளை, ஆயுசு பதினாறு. மந்தப் பிள்ளை, ஆயுசு நூறு. எது வேண்டும்? அவர்கள் அறிவைக் கேட்டார்களாம். கூட்டம் கைதட்டியது.

நான் தட்டவில்லை. எங்களை யார் கேட்டார்கள்? கேட்டிருந்தால், ஒன்றாம் வாய்ப்பாடுகூட ஏறாத பிள்ளையைக் கொடு, ரயிலில் வேர்க்கடலை விற்றாவது நரை தட்டட்டும் என்றிருப்பேன். பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரரிடம் அதை முணுமுணுத்தேன்.

பிள்ளை போனதிலிருந்து அவன் பேச்சையே எடுக்காத மனுஷர். ஷிப்டு முடிந்து வந்தால் ரேடியோவோடு சரி. மேடையைப் பார்த்தபடியே சொன்னார்: "வழுக்கை விழுந்து, தொப்பை போட்டு, சொத்துக்கு நம்மகிட்ட சண்டைக்கு நின்னுருப்பான்."

"நின்னுட்டுப் போறான்" என்றேன்.

வழுக்கையோடு அவனை நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. அரும்பு மீசையைத் தாண்டி அந்த முகத்துக்கு வயது ஏற மறுத்தது.