அமாவாசையன்று ஓடிய தறி

வெண்ணந்தூரில் என் தாய்மாமனின் தறிக்கூடம் இருக்கும் தெருவில் அமாவாசையன்று யாரும் விசைத்தறி ஓட்டுவதில்லை. போன ஆவணி அமாவாசைக்கு நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அவர் கூடத்தில் மட்டும் தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன.

"என்ன அம்மிணி, உங்க மாமனுக்கு ஆர்டர் அம்புட்டு நெருக்கடியா? அமாவாசைக்கும் ஓட்டறாரு!" என்றார் டீக்கடை அக்கா. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தெருவுக்கே தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

உள்ளே தறிகளில் பாவு நூலே இல்லை. சத்தத்துக்காக வெறுமனே ஓடின. பின்பக்கம் சாக்குப் படுதா கட்டிய தடுப்புக்குள் நாய்ச்சண்டை முடிந்து, ஆட்கள் பைக்கில் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் செவலை நாய் காது கிழிந்து, முன்னங்காலில் சதை தொங்கக் கிடந்தது.

வெட்கக்கேடு என்னவென்றால், கல்லூரியில் பேசுவதற்காக நான் அப்போது படித்துக்கொண்டிருந்ததே இதைத்தான். மாட்டின் மேல் நாயை ஏவும் விளையாட்டையும் நாய்ச்சண்டையையும் இங்கிலாந்தில் ஒரே சட்டத்தில் தடை செய்தார்கள். மாட்டுக்கு மைதானம் வேண்டும், அது நின்றுபோனது. நாய்க்கு ஓர் அறை போதும், அது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது. நம் நாட்டிலும் விலங்குகளை மோதவிடுவது குற்றமாகி அறுபது வருடத்துக்கு மேலாகிறது. எல்லாம் மனப்பாடம். அந்த அறை எங்கள் குடும்பத்தில் இருக்கும் என்று மட்டும் நினைக்கவேயில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் மாமா."

"போனா கேப்பாங்க அம்மிணி. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டா ஆறிரும்."

"செத்துரும்!"

"கொஞ்சம் மெதுவாப் பேசு சாமி."

"இந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போகுது?" என்று போய் ஸ்விட்சை அணைத்தேன். தறி நின்றதும் நாயின் முனகல் தெருவரைக்கும் கேட்டது. மாமா ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. தோளில் கிடந்த துண்டில் நாயைச் சுற்றித் தூக்கிக்கொண்டார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஆடும் கோழியுமாக ஆட்கள் நின்றார்கள்.

"எப்படி ஆச்சு?" என்றார் டாக்டரம்மா.

"காட்டுப்பன்னிங்க" என்றார் மாமா.

"நாய் கடிச்சிருந்தா இதுக்கும் ஊசி போடணும், தூக்கிட்டு வந்த உங்களுக்கும் போடணும். நெசத்தைச் சொல்லுங்க."

மாமா என்னைப் பார்த்தார். அரங்கம் நிறைந்த கூட்டத்தின் முன் பேசத் துடித்துக்கொண்டிருந்தவள் நான். நாயைச் சுற்றிய துண்டைச் சரிசெய்யக் குனிந்துகொண்டேன்.

"நாய்ச்சண்டைங்க. எங்க கூடத்துலதான்" என்று மாமாவே சொன்னார்.

ஆட்டைப் பிடித்திருந்தவர் எங்களை விட்டு ஓரடி தள்ளி நின்றார். போலீசுக்கு எழுதத்தான் வேண்டும் என்றார் டாக்டரம்மா. "எழுதுங்க" என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி.

தையல் போட நாயைப் பிடிக்க வேண்டியிருந்தது. உதவியாளர் கிட்டே போனால் உறுமியது. நான் தொட்டாலும் உறுமியது. மாமா கை வைத்ததும் அடங்கி, அவர் உள்ளங்கையில் தாடையை வைத்துக்கொண்டது. சண்டைக்கு அவிழ்த்துவிட்ட அதே கை.

தையல் முடியும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.