சிஸ்டரின் இடது கால்

வெள்ளை ஷூ காலிலேயே இருந்தது. கயிறுகூட அவிழவில்லை. ஆனால் ஷூவின் முனை மேலே பார்க்காமல், வெளிப்பக்கமாக முழுக்கத் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. போர்வைக்கு வெளியே தெரிந்தது அது மட்டும்தான். அது எங்களைப் போன்றவர்கள் போடும் நர்ஸ் ஷூ என்பதுகூட என் மூளையில் ஏறவில்லை. யாரோ ஒரு நோயாளி என்று நினைத்துக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்த இருவரும் என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள். போர்வையை விலக்கினேன். எங்கள் வார்டு சிஸ்டர் கண்களைத் திறந்தபடி படுத்திருந்தார்.

“இழுக்காதே. ஷூவை வெட்டு,” என்றார். தினமும் எங்களை வேலை வாங்கும் அதே குரல். என் கை வெட்டியது. மனம் எங்கேயோ நின்றுவிட்டது.

மலாக்கா பெரியாஸ்பத்திரியில், பெண்களுக்கான எலும்பு வார்டில் நான் அப்போது இளம் நர்ஸ். மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த ஆண்டு. வெள்ளைக்கார மேட்ரன் கப்பலேறப் போகிறார், அந்த இடத்துக்கு எங்கள் சிஸ்டர்தான் வருவார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நாற்பதைத் தாண்டியவர், திருமணம் செய்துகொள்ளாதவர், உயரமானவர். அவர் வராந்தாவில் நடந்து வரும் சத்தம் கேட்டாலே படுத்திருக்கிறவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். மாவுக்கட்டு பிரித்த காலை மடக்க வைப்பதில் அவருக்கு இரக்கமே கிடையாது என்று பேர். நோயாளிகள் “மிஸி, சாக்கிட், மிஸி” என்று, வலிக்கிறதென்று மலாயில் கெஞ்சுவார்கள். அவர் நிறுத்த மாட்டார். “வலி போகட்டும், அப்புறம் நடக்கலாம்னு படுத்துக் கிடந்தா, வலியும் போகாது, நடையும் வராது,” என்பார். தமிழிலும் மலாயிலும் இதையே சொல்லுவார். சீனப் பெண்களுக்குக் கையாலேயே சொல்லிவிடுவார்.

அன்று பிற்பகல் அவர் சைக்கிளில் வேலைக்கு வந்துகொண்டிருந்தபோது கார் மோதியிருந்தது. காரின் முன்கம்பி இடது முழங்காலில் அடித்து, முழங்கால் சில்லு நொறுங்கியிருந்தது. கணுக்கால் சக்கரத்தில் மாட்டி முறிந்திருந்தது. காயத்தைக் கழுவ நான் பேசினில் தண்ணீர் எடுத்து வரும்போது, வராந்தாவில் போலீஸ்காரர் டாக்டரிடம் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். காஜா பேராங் வளைவு. மழை விட்ட நேரம். பலசரக்குக் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கேயின் கறுப்புக் கார். ஓட்டியவர் தமிழர், வயது முப்பதுக்குள்.

அந்த முதலாளியிடம் கார் ஓட்டிய தமிழர் ஒருவர்தான். என் அண்ணன்.

பேசின் என் கையிலிருந்து விழவில்லை. அது ஏன் விழவில்லை என்று இத்தனை வயதாகியும் எனக்கு விளங்கவில்லை. ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய், சிஸ்டரின் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, பஞ்சை நனைத்துப் பிழிந்தேன்.

எங்கள் வீடு காஜா பேராங்கில், சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய பலகை வீடு. அப்பா இறந்த பிறகு அண்ணன்தான் வீட்டைத் தாங்கினார். பெண்பிள்ளை ஆஸ்பத்திரி வேலைக்கா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோது, “என் தங்கச்சி போவா,” என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்தவர். நான் வீடு திரும்பியபோது, பின்வாசல் தண்ணீர்க் குழாய் அருகே ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். போலீஸில் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தார்கள். “ஒரு வாய் காப்பியாவது குடிடா,” என்று அம்மா நின்றுகொண்டிருந்தார். சந்திலிருந்து பெச்சா ஒன்று திடீரென்று குறுக்கே வந்ததாம். அந்த மூன்று சக்கர வண்டியில் ஒரு தாயும் பிள்ளையும் இருந்தார்களாம். அதைத் தவிர்க்கக் காரை ஒடித்திருக்கிறார், ஈரத்தில் அது வழுக்கியிருக்கிறது. இவ்வளவும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் கேட்டது இரண்டே கேள்வி.

“கால் இருக்கா?”

“இருக்குண்ணே.”

“நடப்பாங்களா?”

எலும்பு வார்டில் வேலை செய்கிறவள் நான். அந்த முழங்காலை என் கண்ணால் பார்த்தவள். அம்மா கையிலிருந்த காப்பியை வாங்கி அண்ணன் பக்கத்தில் வைத்தேன்.

டாக்டர் முழங்காலைத் திறந்து, உடைந்த சில்லுத் துண்டுகளை எடுத்துவிட்டு மீதியைத் தைத்தார். கணுக்காலை நேராக்கி, தொடையிலிருந்து கால் விரல்வரை மாவுக்கட்டு போட்டார்கள். என்னை வேறு வார்டுக்கு மாற்றும்படி மேட்ரனிடம் கேட்டிருந்தேன். பதில் வருமுன் சிஸ்டரே கூப்பிட்டு அனுப்பினார். வார்டை ஒட்டிய சின்ன அறையில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள்.

“கார் ஓட்டுனது உன் அண்ணனா?”

“ஆமா சிஸ்டர்.”

“பெச்சா குறுக்க வந்ததை நானும் பார்த்தேன். போலீஸ்கிட்ட சொல்லிட்டேன். நீ எங்கயும் மாறிப் போகப் போறதில்ல. கட்டுப் பிரிச்சதும் இந்தக் காலை மடக்கப் போறது நீதான். மேட்ரன்கிட்ட பேசியாச்சு.”

அத்தனை நர்ஸ்கள் இருக்க நான் எதற்கு? இது தண்டனை என்றுதான் எடுத்துக்கொண்டேன். போலீஸிடம் நியாயமாகச் சொன்ன அதே வாய் என்னை இப்படித் தண்டிக்குமா என்று குழம்பியபடி வெளியே வந்தேன்.

மாவுக்கட்டை வெட்டிப் பிரித்த அன்று உள்ளேயிருந்து வந்தது வேறு யாருடைய காலோ போலிருந்தது. தொடைச் சதை கரைந்து, தோல் மஞ்சளாக உரிந்து, நடுவில் முழங்கால் மட்டும் வீங்கித் தனியாக நின்றது. கட்டில் ஓரத்தில் அவரை உட்கார வைத்து, தொடையை ஒரு கையால் பிடித்து, கணுக்காலுக்குச் சற்று மேலே மறு கையால் அழுத்தினேன். பலகையை மடக்குவதுபோல இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

சிஸ்டர் கத்தினார். அந்த வார்டில் எத்தனையோ அலறல்களைக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. “விடுடி, பாவி! விடு!” என்று என் கன்னத்தில் அறைந்தார். நான் கையை எடுத்துவிட்டேன். கதவு திறந்திருந்தது. விபத்துக்கு முன் சிஸ்டரிடம் தினமும் திட்டு வாங்கிய வயதான மலாய்க்கார மக்சிக் ஒருவர், வார்டின் முதல் கட்டிலில் இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

மூச்சு அடங்கியதும் சிஸ்டர் கேட்டார்: “ஏன் விட்ட?”

“நீங்கதான விடச் சொன்னீங்க.”

“வலியில ஆயிரம் சொல்லுவேன். அதைக் கேக்கவா உன்னைக் கேட்டு வாங்கினேன்? மத்த பொண்ணுங்க எல்லாம் என்கிட்ட பயந்தவளுங்க. நான் கத்தினா விட்டுடுவாளுங்க. நீ விடக் கூடாது. நான் நொண்டியாப் போனா உன் அண்ணன் சாகுற வரைக்கும் தலை நிமிர மாட்டான். அது உனக்குத் தெரியும். அதான் நீ.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, காலை மறுபடி என் பக்கம் நீட்டினார். என் கன்னம் எரிந்துகொண்டிருந்தது. அறை வாங்கியதைவிடப் பெரிய அதிர்ச்சி அந்தப் பேச்சு. தன் கால் உடைந்து கிடக்கும்போது, அதை உடைத்தவனின் தலையைப் பற்றி ஒருவர் யோசிக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மடக்கினேன். அவர் தலையணை உறையைக் கடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் காலையும் மாலையும் அதுவே வேலையாயிற்று. பாதத்தின் கீழே காலிப் போத்தல் ஒன்றை வைத்து உருட்டச் சொல்வேன், இறுகிப்போன கணுக்கால் இளகுவதற்காக. அது அவர் மற்றவர்களுக்குக் கற்றுத்தந்த வித்தைதான். நான் வீட்டுக்குப் போனால் அண்ணன் வாசலுக்கு வருவார். தவுக்கே மறுபடி வரச் சொல்லிக் கூப்பிட்டும், காரில் உட்கார்ந்ததுமே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டவர். அதே கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். “இன்னிக்கு எவ்வளவு மடங்குச்சு?” என்பார். என் கையை முழங்கையில் மடக்கிக் காட்டுவேன். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

மெர்டேக்கா அன்று காலையில் வராந்தாவில் ரேடியோ வைத்திருந்தார்கள். நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் அங்கே கூடியிருந்தார்கள். “மெர்டேக்கா, மெர்டேக்கா” என்று கூட்டம் முழங்குவது கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிஸ்டரின் முழங்கால் அன்று வீங்கிப்போய் இம்மியும் அசையவில்லை. அதே வாரத்தில் செய்தி வந்தது. மேட்ரன் பதவிக்கு வேறு ஊரிலிருந்து ஒருவரைப் போட்டுவிட்டார்கள். நான்தான் சொன்னேன்.

“சரி,” என்றார் சிஸ்டர். “அவங்களால மாடிப்படி ஏற முடியும்.”

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தபோதுதான், மலைபோல நாங்கள் நினைத்திருந்த அந்த மனுஷிக்கும் ஓர் ஆசை இருந்தது என்று எனக்கு உறைத்தது. அன்று மாலை நான் போகத் தயங்கினேன். அவரே ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

ஆண்டுக் கடைசி மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அம்மா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர், “யாரோ வராங்கடி,” என்றார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, சேலை கட்டி, சிஸ்டர் எங்கள் சந்துக்குள் வந்துகொண்டிருந்தார். அவரை நான் சேலையில் பார்த்தது அதுதான் முதல் முறை. அக்குள் கட்டையின் துணையில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்து பார்த்ததும் முதல் முறை. பஸ்ஸில் வந்திருக்கிறார். அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து, முழுதாக மடங்காத இடது காலை முன்னே நீட்டிக்கொண்டார்.

“எங்க அவன்? கூப்பிடு.”

அண்ணன் வந்து கதவோரம் நின்றார். பார்வை அந்தக் காலிலேயே இருந்தது. வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. வளர்ந்த ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சிஸ்டர் அவரை அழவிட்டார். அம்மா தந்த காப்பியை மெதுவாகக் குடித்து முடித்தார்.

“பார்த்தியா, நான் நடந்துட்டேன்,” என்றார் பிறகு. “நீ எப்ப ஓட்டப் போற?”

பஸ் நிறுத்தம்வரை அண்ணன் கூடப் போனார். நானும் பின்னால் போனேன். அந்த வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே வந்ததும் அண்ணனின் நடை நின்றது. சிஸ்டர் நிற்கவில்லை. தடியை ஊன்றி, காலை இழுத்து, தம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். அண்ணன் ஓடித்தான் அவரைப் பிடித்தார். பஸ் படி உயரம். அண்ணன் கை நீட்டினார். சிஸ்டர் அந்தக் கையைத் தட்டிவிட்டு, கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தாமே ஏறினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“அடுத்த தடவை பஸ்ல வர மாட்டேன். நீ வந்து கூட்டிட்டு வரணும்.”

இன்று இருவரும் இல்லை. அண்ணன் பல வருஷம் டாக்சி ஓட்டி ஓய்ந்தார். கடைசிவரை, அவசரமில்லாவிட்டால் அந்த வளைவைத் தவிர்த்து தெங்கேரா பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் வருவார். சிஸ்டர் மாடி ஏற வேண்டியிராத கீழ்த்தள வார்டிலேயே இருந்து ஓய்வு பெற்றார். போன வருஷம் எனக்கும் முழங்கால் அறுவை நடந்தது. கட்டிலில் ஓர் இயந்திரத்தை மாட்டினார்கள். அது என் காலைத் தானாக மெல்ல மடக்கி மெல்ல நீட்டியது. வலித்தால் அழுத்துங்கள், நின்றுவிடும் என்று ஒரு பொத்தானைக் கையில் கொடுத்தாள் அங்கிருந்த இளம் நர்ஸ். அழுத்த மனம் வரவில்லை. யாரோ ஒருவர் “ஏன் விட்ட?” என்று கேட்பார்போல இருந்தது.

ஆனால் நான் அடிக்கடி நினைப்பது மறு ஆண்டுத் தீபாவளியைத்தான். அண்ணன் தவுக்கேயிடம் கேட்டுக் காரை வாங்கிக்கொண்டு போயிருந்தார். சிஸ்டரை அழைத்துவர. போனவர் வரவே இல்லை. அம்மாவும் நானும் அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து களைத்தோம். கடைசியில் கார் ஊர்ந்து வந்து நின்றது. அண்ணனின் சட்டை முழுக்க வியர்வை. முன்சீட்டிலிருந்து சிஸ்டர் முதலில் இடது காலை இறக்கினார், பிறகு தடியை, பிறகு தம்மை.

“உன் அண்ணன் ஓட்டுறதுக்கு, நான் நடந்தே வந்திருப்பேன்,” என்றார். “ஒரு பெச்சாக்காரன் எங்களைத் தாண்டி மணி அடிச்சிட்டுப் போறான்!”

அண்ணன் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கேட்காத சத்தம் அது. அடுப்பங்கரையில் இருந்த அம்மாவுக்கு அது என்ன சத்தமென்று விளங்கவில்லை. “ஐயோ, என்னாச்சு? என்னாச்சு?” என்று கரண்டியும் கையுமாகத் தெருவுக்கு ஓடி வந்தார்.